நடிகர் எப்படி இயக்குநர் ஆனார்? மிக்கேலே சோவாவியை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

பழைய இத்தாலியத் திகில் படங்களைப் பற்றிப் பேச உட்கார்ந்தால், மிக்கேலே சோவாவியின் பெயர் வந்ததுமே யாராவது ஒருவர் “நடிகராக இருந்து டைரக்டர் ஆனவர்தானே?” என்பார். இன்னொருவர், “தாரியோ ஆர்ஜென்ட்டோவின் அசிஸ்டென்ட். ஜால்லோ படம் எடுப்பவர்” என்று பேச்சை முடித்துவைப்பார். (ஆர்ஜென்ட்டோ பெயர்பெற்ற இத்தாலியத் திகில் பட இயக்குநர்; ஜால்லோ ஒரு கொலைப்புதிர்ப் பட வகை, பின்னால் விளக்குகிறேன்.) முதல் ஆள் சொன்னதில் பொய் இல்லை. இரண்டாம் ஆள் சொன்னதில் பாதி சரி. ஆனால் இரண்டையும் சேர்த்துக் கேட்கிறவர் மனதில் உருவாகும் ஆள் சோவாவியே இல்லை.

‘நடிகர் இயக்குநரானார்’ என்றதும் நமக்கு என்ன தோன்றும்? ஐம்பது படம் ஹீரோவாக நடித்தவர், கையில் காசு சேர்ந்தபின், தனக்குப் பிடித்த கதையைத் தானே எடுக்கிறார். போஸ்டரில் அவர் முகம் பெரிதாக இருக்கும். சோவாவிக்கு அப்படியொரு போஸ்டர் இருந்ததே இல்லை. 1957-இல் மிலான் நகரில் பிறந்தவர். இருபத்து மூன்று வயதில் திரையில் தோன்றி, சில நிமிடங்களில் கொடூரமாகச் செத்துப்போகிற பையன். அங்கிருந்துதான் கதை தொடங்குகிறது.

ஓட்டல் சமையற்கட்டு

ஒரு சிறிய ஓட்டலை எடுத்துக்கொள்ளுங்கள். வேலைக்குச் சேர்ந்த பையன் காலையில் வெங்காயம் உரிப்பான். கூட்டம் வந்தால் இலை போடுவான். முதலாளி வெளியே போனால் கல்லாவில் உட்காருவான். சப்ளையர் வராத நாளில் பரிமாறுவான். மாஸ்டருக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள் அடுப்பின் முன் நிற்பான். ‘சப்ளையராக இருந்து மாஸ்டர் ஆனவன்’ என்று அவனைச் சொன்னால் தவறில்லை. ஆனால் பரிமாறியது அவன் செய்த ஆறேழு வேலைகளில் ஒன்றுதான்.

1970-80களின் ரோம் நகரத்துச் சின்னப் பட்ஜெட் சினிமா இப்படித்தான் நடந்தது. ஆள் குறைவு, நாள் குறைவு. கையில் கிளாப் பலகையோடு நிற்கும் உதவி இயக்குநருக்கு முகம் லட்சணமாக இருந்தால், “நீயே போய் அந்த போலீஸ்காரனாக நில்” என்று அனுப்பிவிடுவார்கள். சோவாவிக்கு முகம் லட்சணமாகவே இருந்தது.

சுருக்கமாக: அவருக்கு நடிப்பு ஒரு பட்டம் இல்லை. ஒரே பட்டறையில் செய்த பல வேலைகளில் அதுவும் ஒன்று.

பிரியாணிக்கடைத் தெரு

அந்தப் பட்டறை ஏன் அப்படி இயங்கியது என்று புரிய ஒரு சொல் வேண்டும்: ஃபிலோனே. இத்தாலிய மொழியில் இதற்குச் சுரங்கப் பாறைக்குள் ஓடும் உலோக இழை என்றும் ஒரு பொருள் உண்டு. சினிமாக்காரர்கள் அதை இரவல் வாங்கி, ஒரு வெற்றிப் படத்தைத் தொடர்ந்து அதே ருசியில் வரிசையாக வரும் படங்களின் கூட்டத்துக்குப் பெயராக வைத்தார்கள்.

ஒரு தெருவில் ஒரு பிரியாணிக்கடை ஓடுகிறது என்று தெரிந்தால், ஆறு மாதத்தில் அதே தெருவில் இன்னும் நான்கு பிரியாணிக்கடை வரும். போர்டு நிறம்கூட ஒன்றாகவே இருக்கும். கூட்டம் குறைந்ததும் நான்கும் ஷவர்மா கடையாக மாறிவிடும். ஃபிலோனேயும் அப்படித்தான். 1958-இல் ஹெர்குலீஸ் படம் ஒன்று ஓடியது. பிறகு தோள் புடைத்த வீரர்களின் புராணப் படங்கள் வரிசைகட்டின. 1964-இல் செர்ஜோ லியோனேயின் கௌபாய் படம் வென்றது. அடுத்த சில ஆண்டுகளுக்கு இத்தாலி முழுக்கக் குதிரைத் தூசி. 1970-இல் ஆர்ஜென்ட்டோவின் முதல் படம் வந்தபின் கையுறை அணிந்த கொலைகாரர்கள் வந்தார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ‘ஸோம்பி 2’. 1979-இல் லூச்சோ ஃபுல்ச்சி எடுத்தார். ‘ஸோம்பி 1’ எங்கே என்று தேடாதீர்கள், அவர் எடுக்கவில்லை. அமெரிக்கரான ஜார்ஜ் ரொமேரோவின் படம் அதற்கு முந்தைய ஆண்டு ‘ஸோம்பி’ என்ற பெயரில் இத்தாலியில் ஓடியது. அந்த ஓட்டத்தில் தொற்றிக்கொள்ள, கதைத் தொடர்பே இல்லாத படத்துக்கு 2 என்று எண் போட்டார்கள். இதே துணிச்சலில், ‘ஏலியன்’ வந்த மறு ஆண்டே, அதை எடுத்தவர்களுக்குச் சம்பந்தமில்லாத ‘ஏலியன் 2’ ஒன்றும் இத்தாலியில் வந்தது. அதில் நடித்தவர்களில் ஒருவர் சோவாவி.

கேலி செய்வது சுலபம். நானும் செய்திருக்கிறேன். ஆனால் இந்த முறையில் ஒரு நன்மை இருந்தது: வேலை ஓயாது. ஒரு படம் முடிந்த கையோடு அடுத்தது. கற்றுக்கொள்ள வந்த பையனுக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று படப்பிடிப்புத் தளங்கள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவ்வளவு பயிற்சி கிடைக்காது.

மஞ்சள்தான், ஆனால் அந்த மஞ்சள் இல்லை

‘ஜால்லோ’ என்றால் இத்தாலிய மொழியில் மஞ்சள். நம் காதில் இது வேறு மாதிரி விழும். ‘மஞ்சள் பத்திரிகை’ என்று நாம் முகம் சுளிக்கும் சங்கதியோடு இதற்கு உறவு கிடையாது. மொந்ததோரி என்ற பதிப்பகம் 1929 முதல் துப்பறியும் நாவல்களை மஞ்சள் அட்டையோடு வெளியிட்டது. அட்டையின் நிறமே கதைவகைக்குப் பெயராகிவிட்டது. இன்றும் இத்தாலியர்களுக்கு அகதா கிறிஸ்டி எழுதியதும் ஜால்லோதான்.

வெளிநாட்டு ரசிகர்கள் அந்தச் சொல்லைக் குறுக்கி, ‘முகம் தெரியாத கொலைகாரன், யார் என்ற புதிர், அலங்காரமான கொலைக்காட்சிகள்’ உள்ள இத்தாலியப் படங்களுக்கு மட்டும் பயன்படுத்தினார்கள். இந்தக் குறுகிய பொருளில் பார்த்தால், சோவாவி திரையரங்குக்கு இயக்கிய முதல் நான்கு படங்களில் ஒன்றுகூட முழு ஜால்லோ இல்லை. முதல் படத்தில் கொலைகாரன் யார் என்று தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். அடுத்த இரண்டில் பேய், சாத்தான். நான்காவதை எந்தப் பெட்டியிலும் வைக்க முடியாது.

செத்துச் செத்துக் கற்ற தொழில்

1980-இல் வந்த ஃபுல்ச்சியின் படம் ஒன்று. ஆங்கிலத்தில் ‘சிட்டி ஆஃப் தி லிவிங் டெட்’ என்று பெயர். இரவு, காருக்குள் ஒரு பையனும் ஒரு பெண்ணும். வெளியே, தூக்குப் போட்டுச் செத்த பாதிரியார் நிற்கிறார். அவர் பார்வை பட்டதும் பெண்ணின் கண்ணிலிருந்து ரத்தம் வழிகிறது. பிறகு அவள் குடலையே வாந்தியெடுக்கிறாள். அடுத்தது பையனின் முறை. பின்மண்டையை ஒரு கை பற்றிக் கசக்குகிறது. மூளை வெளியே வருகிறது. அந்தப் பையன்தான் சோவாவி.

காட்சி திரையில் ஓடுவது கொஞ்ச நேரம். எடுப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். போலி மண்டையைப் பொருத்த வேண்டும், ரத்தக்குழாயை மறைக்க வேண்டும், விளக்கைத் திருப்ப வேண்டும். ஒட்டுப்போட்டது தெரியாமலிருக்க எந்தக் கோணம் சரி என்று கேமராவின் பின்னால் நிற்பவர் பார்ப்பார். முன்னால் உட்கார்ந்திருப்பவன் அதைத் தன் கழுத்தாலேயே தெரிந்துகொள்வான். இது என் ஊகம்தான். ஆனால் பிற்பாடு அவர் எடுத்த படங்களில் உடம்புகள் விழும் விதத்தைப் பார்த்தால் இந்த ஊகம் வலுக்கிறது.

1983-இல் லம்பெர்த்தோ பாவாவின் படமொன்றில், பாழடைந்த உணர்வு தரும் ஒரு மாளிகையை வாடகைக்கு விடும் இளைஞனாக நடித்தார். அதே படத்தில் உதவி இயக்குநரும் அவரே. 1985-இல் அதே பாவாவின் ‘டெமன்ஸ்’. பெர்லின் சுரங்க ரயில் நிலையத்தில், பாதி முகத்தை உலோக முகமூடி மறைத்த ஒருவன் பேசாமல் சினிமா டிக்கெட் நீட்டுவான். அந்தப் படத்தைப் பார்த்த யாருக்கும் அந்த ஆளை மறக்க முடியாது. அவன் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. அதுவும் சோவாவிதான். முகமூடியைக் கழற்றிவிட்டு உதவி இயக்குநர் வேலைக்குத் திரும்பிவிடுவார்.

இதே காலத்தில் ஆர்ஜென்ட்டோவின் ‘தெனேப்ரே’ (1982), ‘ஃபெனோமெனா’ (1985) படங்களில் உதவி இயக்குநர் குழுவில் இருந்தார். 1985-இல் ஆர்ஜென்ட்டோ எப்படிப் படம் எடுக்கிறார் என்பதைப் பற்றி ஒரு ஆவணப்படமும் இயக்கினார். குருவின் தொழில் ரகசியத்தைச் சீடன் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொண்ட நோட்டுப்புத்தகம் என்று அதைச் சொல்லலாம்.

பந்தியைக் கவனிக்கும் சித்தப்பா

இன்னொரு சொல்லையும் விளக்கிவிட்டால் வழி எளிதாகும்: இரண்டாம் யூனிட். கல்யாண வீட்டில் மணமேடையை அப்பா பார்த்துக்கொள்வார். அதே நேரத்தில் பந்தியைச் சித்தப்பா பார்த்துக்கொள்வார். இரண்டும் ஒரே கல்யாணம். சாப்பிட்டுவிட்டு வருபவர் “அந்த வீட்டுச் சாப்பாடு” என்றுதான் சொல்வார், சித்தப்பாவின் பெயரைச் சொல்ல மாட்டார். சினிமாவில் முக்கிய நடிகர்களின் காட்சியை இயக்குநர் எடுத்துக்கொண்டிருக்கும்போது, கூட்டம், சண்டை, தூரக் காட்சி, தந்திரக் காட்சி போன்றவற்றைத் தனிக் குழுவோடு எடுப்பவர் இரண்டாம் யூனிட் இயக்குநர். எடுத்தது அவர் கைவேலை என்று யாருக்கும் தெரியக்கூடாது என்பதுதான் அந்த வேலையின் கஷ்டம்.

ஆர்ஜென்ட்டோவின் ‘ஓபரா’ (1987) படத்தில் சோவாவி இந்த வேலையைச் செய்தார். பிறகு டெர்ரி கில்லியம், மன்ச்சௌசன் பிரபுவின் புளுகுக் கதைகளைப் பெரும் செலவில் ரோம் நகரின் சினேசித்தா ஸ்டூடியோவில் எடுக்க வந்தபோது அவருக்கும் செய்தார். அந்தப் படம் 1988-இல் வந்தது. 2005-இல் வந்த ‘தி பிரதர்ஸ் கிரிம்’ எடுத்தபோதும் கில்லியம் இவரையே கூப்பிட்டார். வேலை பிடிக்காமல் யாரும் இரண்டாம் முறை கூப்பிட மாட்டார்கள்.

இதுவரை: ஃபிலோனே ஓயாமல் வேலை கொடுத்தது. நடிப்பு, உதவி இயக்கம், இரண்டாம் யூனிட் மூன்றும் படிப்படியாக வரவில்லை, ஒன்றோடொன்று பின்னி நடந்தன. இப்போது முதல் படம்.

ஆந்தை முகமூடி

‘தெலிரியா’ 1987-இல் வந்தது. தயாரித்தவர் ஜோ தமாத்தோ. இயற்பெயர் அரிஸ்தீதே மஸ்ஸாச்சேசி; ஒளிப்பதிவாளர், இயக்குநர், தயாரிப்பாளர், எல்லாமே அவர்தான். பட்டறை முதலாளி என்றால் இவரைத்தான் சொல்ல வேண்டும். கதை எழுதிய லூயிஜி மொந்தெஃபியோரியும் ‘ஜார்ஜ் ஈஸ்ட்மன்’ என்ற பெயரில் நடித்துவந்த நடிகர். ஆக, நடிகர் எழுத, நடிகர் இயக்க, ஒளிப்பதிவாளர் பணம் போட்ட படம்.

கதை எளிது. ஒரு நாடகக் குழு இரவில் ஒத்திகை பார்க்கிறது. நாடகமும் ஒரு கொலைகாரனைப் பற்றியதுதான். ஆந்தை முகமூடி போட்டவன். பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலிருந்து தப்பிய ஒரு கொலைகாரன் ஊருக்குள் திரிகிறான். அவனும் ஒரு காலத்தில் நடிகனாக இருந்தவன். வெளியே ஒரு கொலை விழுந்ததும் நாடக இயக்குநருக்கு ஆசை பிறக்கிறது: இந்தச் செய்தியை வைத்தே டிக்கெட் விற்கலாம். எல்லோரையும் உள்ளே வைத்துப் பூட்டச் சொல்கிறார். சாவியை ஒரு நடிகையிடம் கொடுத்து, யாருக்கும் தெரியாமல் ஒளித்துவைக்கச் சொல்கிறார்.

இனி நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மேடையில் அதே நடிகை நிற்கிறாள். ஆந்தை முகமூடி போட்ட ஒருவன் மேடைக்கு வருகிறான். கீழே இருக்கும் இயக்குநர், வேஷம் கட்டிய தன் நடிகன்தான் வந்திருக்கிறான் என்று நினைக்கிறார். அவன் தயங்குவதுபோல் நிற்பதைப் பார்த்து எரிச்சல் வருகிறது. கத்துகிறார்: ம், செய், அவளைக் கொல். அவன் கொல்கிறான். நடிப்பு மிகப் பிரமாதமாக இருக்கிறது. அது நடிப்பில்லை என்று எல்லோருக்கும் புரியும்போது, சாவி எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் செத்துக் கிடக்கிறாள்.

கேமராவின் இரண்டு பக்கமும் நின்ற ஒருவரால்தான் இந்தக் காட்சியை இப்படி எடுக்க முடியும் என்று நான் நம்புகிறேன். உத்தரவு போடும் இயக்குநரின் குருட்டுத்தனமும், முகமூடிக்குள் இருப்பவனின் நிதானமும், இது எத்தனையாவது டேக் என்று அலுத்துப்போன நடிகையின் உடம்பும் மூன்றும் ஒரே காட்சியில் தெரிகின்றன.

பின்பகுதியில் இன்னொன்று. கொலைகாரன் தான் கொன்றவர்களை மேடையில் பொம்மைபோல் வரிசையாக அடுக்கி, அவர்கள் நடுவே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். காற்றாடிக் காற்றில் இறகுகள் பறக்கின்றன. சாவி அவன் காலடியில், பலகை இடுக்கில். உயிரோடு மிஞ்சிய பெண் மேடைக்கு அடியில் ஊர்ந்து வந்து, இடுக்கு வழியாக அதைக் கீழே தள்ளப் பார்க்கிறாள். பேச்சே கிடையாது. ஒரு சாவிக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு நேரம் நான் உட்கார்ந்தது வேறெந்தப் படத்திலும் இல்லை. மலிவான படம்; தொடக்கத்தில் வரும் நடனம் கொஞ்சம் சிரிப்பைக்கூட வரவழைக்கும். ஆனால் இந்தக் காட்சிகளில் மலிவு தெரியாது.

பூட்டிய கதவு

‘லா கியேசா’ (1989) என்றால் தேவாலயம். தயாரிப்பு ஆர்ஜென்ட்டோ. முதலில் இது ‘டெமன்ஸ்’ வரிசையின் மூன்றாம் படமாகத் திட்டமிடப்பட்டது. ஃபிலோனே தன் வேலையைச் செய்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சோவாவி அந்த வரிசையிலிருந்து விலகி, இடைக்காலத்தில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களின் சவக்குழி மேல் எழுப்பிய தேவாலயத்தின் கதையாக எடுத்தார். கதவுகள் மூடிக்கொள்கின்றன, உள்ளே மாட்டியவர்கள் ஒவ்வொருவராக மாறுகிறார்கள். இசையில் கீத் எமர்சன், கோப்ளின் குழு, ஃபிலிப் கிளாஸ் என்று ஒட்டாத பெயர்கள் ஒட்டியிருக்கின்றன. 1991-இல் வந்த ‘லா செத்தா’வும் ஆர்ஜென்ட்டோ தயாரிப்புதான். சாத்தானை வணங்கும் ஒரு கூட்டமும் ஒரு பள்ளி ஆசிரியையும். கதை எனக்குப் பாதி புரியவில்லை. அதில் வரும் முயலை மட்டும் மறக்க முடியவில்லை.

குரு தயாரித்தார் என்பதால் சீடன் நகலெடுத்தான் என்று ஆகாது. ஆர்ஜென்ட்டோவுக்குக் கொலை எப்படி நடக்கிறது என்பதில் ஆர்வம். சோவாவியை இழுப்பது மூடப்பட்ட இடம். நாடக அரங்கு, தேவாலயம், அடுத்து வரப்போகும் கல்லறைத் தோட்டம் எல்லாமே வெளியேற வழியில்லாத மேடைகள்.

கல்லறைக் காவலாளி

‘தெல்லாமோர்த்தே தெல்லாமோரே’ (1994). தலைப்பில் மரணமும் காதலும் எதுகையாக நிற்கின்றன. தித்சியானோ ஸ்க்லாவியின் நாவலிலிருந்து வந்தது. 1986 முதல் இத்தாலியில் சக்கைப்போடு போட்ட ‘டிலான் டாக்’ காமிக்ஸை உருவாக்கியவர் இதே ஸ்க்லாவி. அந்தக் காமிக்ஸ் நாயகனின் முகத்தை வரைய, பிரிட்டிஷ் நடிகர் ரூப்பர்ட் எவரெட்டின் முகத்தைத்தான் மாதிரியாக எடுத்திருந்தார்கள். சோவாவி அந்த எவரெட்டையே கூட்டிவந்து நாயகனாக்கினார்.

புஃபலோரா என்ற ஊரில் புதைக்கப்பட்டவர்கள் சில நாளில் எழுந்துவிடுகிறார்கள். காவலாளி அவர்களை மறுபடி சுட்டுப் புதைக்கிறான். அவனுக்கு இதில் பயமில்லை, அலுப்புதான். நகராட்சியில் புகார் கொடுத்தால் நிறைய படிவம் நிரப்ப வேண்டியிருக்கும், சுடுவது சுலபம். ஓய்வு நேரத்தில் பழைய டெலிஃபோன் டைரக்டரியை வைத்துக்கொண்டு செத்தவர்களின் பெயரை அடித்துக்கொண்டிருப்பான். பிறகு அவற்றை எரிக்கும்போது, பறக்கும் சாம்பலிலிருந்து மரணமே உருவெடுத்து அவன் முன் நிற்கும். ஸோம்பி ஃபிலோனேயின் கடைசி மூச்சில், ஸோம்பிகளைப் பார்த்துக் கொட்டாவி விடும் ஒருவனைப் பற்றிப் படம் எடுத்தார்! ஃபுல்ச்சியின் காரில் மூளை கசங்கிச் செத்த பையனுக்குத்தான் இந்த நகைச்சுவை வரும்.

குழாய் மூடியபோது

இவ்வளவு நல்ல படத்துக்குப் பிறகு ஏன் திகில் படங்கள் வரவில்லை? சொந்த வாழ்க்கையில் குடும்பத்துக்காகச் சில ஆண்டுகள் ஒதுங்கியிருந்தார். ஆனால் திரும்பிவந்தபோது தெருவே காலியாகியிருந்தது. 1976-இல் இத்தாலிய அரசியல் சாசன நீதிமன்றம் உள்ளூர் அளவில் தனியார் டிவிக்கு வழிவிட்டது. வீட்டிலேயே படம் கிடைத்ததும் கொட்டகைகள் காலியாகின. 1975-இல் ஆண்டுக்கு 50 கோடிக்கு மேல் விற்ற டிக்கெட், 1990களின் தொடக்கத்தில் 10 கோடிக்கும் கீழே போனது. பிரியாணிக்கடைகள் மூடிவிட்டன, மாஸ்டர் மட்டும் மிச்சம்.

ஆகவே டிவிக்குப் போனார். இதைச் சரிவு என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. 2001-இல் எடுத்த ‘ஊனோ பியாங்கா’ ஒரு நிஜக் கும்பலைப் பற்றியது. 1987 முதல் 1994 வரை பொலோன்யா பகுதியில் கொள்ளையடித்து 24 பேரைக் கொன்றவர்கள். பிடிபட்டபோது பெரும்பாலோர் போலீஸ்காரர்கள் என்று தெரிந்தது. முகமூடியைக் கழற்றினால் காவலரின் முகம். ‘தெலிரியா’ எடுத்தவருக்கு இது அந்நியமான கதையா என்ன? 2006-இல் ‘அரிவெதேர்ச்சி அமோரே, சாவ்’ என்ற குற்றப்படம், 2016-இல் ‘ரோக்கோ ஸ்க்கியாவோனே’ துப்பறியும் தொடர், 2018-இல் குழந்தைகளுக்காக ஒரு சூனியக்காரிப் படம் என்று வேலை ஓடிக்கொண்டே இருந்தது.

எங்கே தொடங்குவது

தேடும்போது பெயர்க் குழப்பம் வரும். ‘தெலிரியா’ ஆங்கிலத்தில் ‘ஸ்டேஜ்ஃப்ரைட்’. ‘தெல்லாமோர்த்தே தெல்லாமோரே’ அமெரிக்காவில் ‘செமட்ரி மேன்’. ஒரே படத்தின் இரண்டு பெயரையும் தனித்தனிப் படம் என்று நினைத்து நான் ஒருமுறை இரண்டு டிஸ்க் வாங்கியிருக்கிறேன். உதட்டசைவும் குரலும் ஒட்டாவிட்டால் டிவியைத் தட்டாதீர்கள். அந்தக் காலத்து இத்தாலியப் படங்களுக்குக் குரல் பின்னால்தான் சேர்த்தார்கள், டப்பிங் நமக்குப் புதிதா?

‘தெலிரியா’விலிருந்து தொடங்குங்கள். அரங்குக்கு வெளியே கொட்டும் மழையில் காவலுக்கு ஒரு போலீஸ் கார் நிற்கும். உள்ளே ஒருவர் பின் ஒருவராகச் செத்துக்கொண்டிருப்பார்கள். காருக்குள் இருக்கும் இளம் போலீஸ்காரர், தான் ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் டீன் மாதிரி இருக்கிறேனா என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். அப்படிக் கேட்பவர்தான் இயக்குநர்.